லயத்துப் பிள்ளைகளின் பட்டப்படிப்பு: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, பீர்மேடு என்று கேரளத்தின் இந்த மலைத் தேயிலைத் தோட்டங்களில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மூணாறில் அக்ஷயா மையம், அதாவது அரசுச் சேவைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரும் மையம், நடத்துகிறவள் நான். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பி.எஃப். பெயர்த் திருத்தம் எல்லாம் எங்களிடம் வரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கல்லூரி விண்ணப்பமும் வரும். ஆக, உங்கள் வகுப்பில் உட்காரப் போகிற பிள்ளைகளில் பலரை உங்களுக்கு முன்பே நான் பார்த்துவிடுகிறேன். பட்டம் வாங்கிய பிறகு, பி.எஸ்.சி. என்கிற அரசுப் பணித் தேர்வாணையப் பதிவுக்கும் ரிசார்ட் வேலைக்கு பயோடேட்டா அடிக்கவும் அதே பிள்ளைகள் திரும்ப வருகிறார்கள். படிக்காமல் வருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பாஸாகித்தான் வருகிறார்கள், நல்ல மார்க்கோடும் வருகிறார்கள். ஆனால் 'இது என் வேலை, இதில் எனக்குப் பிடிப்பு இருக்கிறது' என்று ஒன்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. கல்லூரி கொடுக்க வேண்டியதில் பாதி அதுதானே? அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு 2024 ஜூலையில் தொடங்கியது. மூன்று ஆண்டில் 133 கிரெடிட் எடுத்துப் பட்டத்தோடு வெளியே வரலாம். இன்னோர் ஆண்டு இருந்து 177 எடுத்தால் ஆனர்ஸ். அப்படியென்றால் முதலில் சேர்ந்த பிள்ளைகள் 2027-இல் இறங்குவதா, இருப்பதா என்று முடிவு சொல்லியாக வேண்டும். அந்த முடிவை அவர்கள் எதை வைத்து எடுப்பார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்.

விண்ணப்பம் போடும்போது அவர்கள் கேட்கிற கேள்விகளைச் சொல்கிறேன். "அக்கா, எது கிடைக்கும்?" "எது சுலபம்?" "எங்க ஹாஸ்டல் இருக்கு?" என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்பவர் அபூர்வம். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? பதினேழு வயது வரை அவர்கள் கண்ணால் பார்த்த வேலைகள் விரலுக்குள் அடங்கிவிடும்: கொழுந்து எடுப்பது, ஃபேக்டரி, ஜீப், ரிசார்ட், டீச்சர், நர்ஸ், போலீஸ். நீங்கள் முதல் வாரத்தில் ஒரு தாளைக் கொடுத்து லட்சியம் என்ன என்று எழுதச் சொன்னால் பாதிப் பேர் கலெக்டர் என்று எழுதுவார்கள். சப் கலெக்டர் ஆபீஸ் தேவிகுளத்திலேயே இருப்பதால் எங்கள் பக்கம் அந்த ஆசை கொஞ்சம் கூடுதல். அந்தத் தாளை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, மாணவரின் விருப்பத்தை அறிந்துகொண்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்காத வேலை மேல் யாருக்கு ஆசை வரும்?

இனி வீட்டு விஷயம். வெளியூரிலிருந்து வந்து பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இது முழுதாகத் தெரிய வாய்ப்பில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பொருளாதாரம் படிக்கும் ஒரு பெண், அம்மாவைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்திருந்தாள். ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும். வருடக்கணக்காகக் கொழுந்து எடுத்துத் தேய்ந்த விரல், மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. ஈரத் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம். சுண்டுவிரல் ஒன்றுதான் பச்சை விளக்கு காட்டியது. அந்த நேரத்தில்தான் பெண் சொன்னாள்: நாலாவது வருடமும் இருந்து ஆனர்ஸ் முடித்தால் வெளிநாட்டுப் படிப்புக்கு வசதி என்று வகுப்பில் சொன்னார்களாம். அம்மா விரலைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "நாலாவது வருசம் படிச்சா வீடு யாரு பேர்ல இருக்கும்?"

1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டிய பொறுப்பைத் தோட்ட முதலாளி மேல் வைத்தது. ஓய்வு பெற்றவருக்கு அந்த வீடு சொந்தமாகாது. குடும்பத்தில் ஒருவர் பேராவது மஸ்டரில், அதாவது தோட்டத்தின் வேலையாட்கள் பதிவேட்டில், இருந்தால்தான் லயத்தில் இருக்க முடியும். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகே கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்பது பல தோட்டங்களில் நடைமுறை. அந்தப் பணத்தை வைத்துத்தான் போடியிலோ தேனியிலோ ராஜபாளையத்திலோ இரண்டு சென்ட் நிலம் பார்ப்பார்கள். பணம் வர வீட்டை விட வேண்டும், வீட்டை விட வேறொரு கூரை வேண்டும், கூரை போடப் பணம் வேண்டும். இந்தச் சுற்றுக்கு நடுவில்தான் பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் சர்வீஸ் முடிய ஒன்றிரண்டு வருடம் இருந்தால், அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருக்கிற கேள்வி ஆனர்ஸா இல்லையா என்பதே அல்ல. தான் மஸ்டரில் பேர் பதிவதா, தம்பியைப் படிப்பிலிருந்து எடுத்துப் பதிய வைப்பதா என்பதுதான் கேள்வி. பட்டம் முடித்தவர்கள் தோட்ட வேலைக்குப் போவதைப் பார்த்து 'இதுகளுக்கு லட்சியமே இல்லை' என்று யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை வீட்டைக் காப்பாற்றப் போயிருக்கிறது, சார்.

இதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? வீடு கட்டித் தர வேண்டாம். வழிகாட்டி ஆசிரியர் என்று ஒவ்வொரு மாணவருக்கும் ஒருவரை வைத்திருக்கிறீர்களே, அவர் முதல் ஆண்டிலேயே ஒரு கேள்வி கேட்டால் போதும்: வீட்டில் யாருக்கு இன்னும் எத்தனை வருடம் சர்வீஸ் இருக்கிறது? பதில் தெரிந்தால் மூன்றாண்டில் முடிப்பதற்குத் தகுந்த மாதிரி பாடங்களை அடுக்கலாம், பி.எட். போவதா வேலைக்குப் போவதா என்று முன்கூட்டியே பேசலாம். மூன்றாம் ஆண்டுக் கடைசியில் வந்து ஆனர்ஸின் பெருமையைச் சொல்வதில் பயனில்லை.

அப்புறம் சாதிச் சான்றிதழ். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உங்கள் கையில் இல்லை. ஆனால் தெரிந்து வைத்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது. பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல். 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதுதான் கணக்கு. ஆந்திராவிலிருந்து மகாராஷ்டிரத்துக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஒரு மாணவரின் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. எங்கள் பிள்ளைகள் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகைக்குப் பாட்டனார் பேர் பதிந்த பழைய தோட்டத் தாளையோ, பள்ளிச் சேர்க்கைப் பதிவையோ, ஞானஸ்நானப் பதிவையோ தேடி அலைகிறார்கள். தாள் கிடைக்காதவர்களுக்கு இங்கே சலுகை இல்லை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுத் தேர்வு எழுதினால் அங்கே பிற மாநிலத்தவர் என்று பொதுப் பிரிவில் வைப்பார்கள். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிற பிள்ளையிடம் போட்டித் தேர்வுக்கு உழைத்தால் எல்லாம் நடக்கும் என்று பேசுவதற்கு முன், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

இப்போது உங்கள் கையிலேயே இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்: இன்டர்ன்ஷிப்.

புதிய பாடத்திட்டத்தில் அது கட்டாயம், 2 கிரெடிட். படிப்புக்கும் பிழைப்புக்கும் நடுவில் ஒரு பாலம் போட வேண்டும் என்றுதான் வைத்திருப்பார்கள். நல்ல எண்ணம். ஆனால் அந்தப் பாலம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை நான் பிரிண்டர் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். தெரிந்தவர் ஒருவரின் ரிசார்ட், மாமாவின் டிராவல்ஸ், ட்யூஷன் சென்டர் என்று ஒரு லெட்டர்ஹெட் கிடைக்கும். 'மிகுந்த ஈடுபாட்டோடு பணியாற்றினார்' என்று ஆங்கிலத்தில் நாலு வரி. பெயரை மட்டும் மாற்றி மாற்றி எட்டுப் பேருக்கு ஒரே தாள். ஸ்பெல்லிங் தப்பு கூட எட்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, சீல் வாங்க ஓடுவார்கள். அதை நீங்கள் வாங்கி மார்க் போடுகிறீர்கள். போலி என்று உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் அறுபது பேரை எங்கே அனுப்புவது என்ற தவிப்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் இதில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? வேலை என்பது சீல் வைத்த தாள் என்பதைத்தான்.

அனுப்ப இடமா இல்லை இந்த மலையில்? ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கணிதம் படித்த ஒரு பையன், தோட்டத்து மழைப் புத்தகத்தின் பக்கங்களை ஸ்கேன் பண்ணக் கொண்டுவந்தான். தோட்ட ஆபீஸ் ஒவ்வொன்றிலும் மழைமானி இருக்கும், தினமும் காலையில் அளந்து எழுதுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவன் அப்பா அந்த ஆபீசில் வேலை பார்க்கிறவர். மேனேஜரிடம் சொல்லி இரண்டு பழைய புத்தகங்களை வாங்கித் தந்திருந்தார். ஊதா மசி, ஓரமெல்லாம் பூச்சி அரித்த தாள், சில பக்கங்கள் அங்குலத்தில், பிந்தியவை மில்லிமீட்டரில். அதையெல்லாம் ஒரே அளவுக்கு மாற்றி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை மட்டும் தனியே பிரித்து எக்செலில் போட்டிருந்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்களே, அதற்கு முந்தைய நாட்களில் பெய்த மழை போல் முன்பு எப்போதெல்லாம் பெய்தது என்று பார்க்க வேண்டும் என்றான். 1924 வெள்ளத்தில் மூணாறின் ரயில் பாதையே அடித்துக்கொண்டு போனதைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறான். ஸ்கேன் முடிந்து காசு கொடுக்கும்போது கேட்டான்: "அக்கா, இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கா?"

அப்போது அவன் மூன்றாம் ஆண்டில் இருந்தான். அது வரை அவனிடம் யாரும் சொல்லவில்லை, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் எம்.எஸ்சி. இருக்கிறது என்று. திருவனந்தபுரத்தில் இருக்கும் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் மேகங்களை ஆராய நம்ம ராஜமலையிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. வரையாடு பார்க்க டூரிஸ்ட்டுகள் வரிசையில் நிற்கும் அதே ராஜமலைதான். அவன் உறவுக்காரர்கள் அந்தச் சாலையில் ஜீப் ஓட்டுகிறார்கள். கணித ஆசிரியர் அவனுக்கு வகைக்கெழுச் சமன்பாட்டை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதில் எனக்குக் குறை இல்லை. அந்தச் சமன்பாட்டை வைத்துச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்து போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவன் பாடத்தையே வேறு மாதிரி படித்திருப்பான்.

இது ஒரு பையன் கதை. மற்றத் துறைகளையும் யோசித்துப் பாருங்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு கரும்பு போடுகிறவர் கைக்கு என்ன விலை வருகிறது, போலி வெல்லம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ஒரு பி.காம். மாணவர் ஒரு பருவம் உட்கார்ந்து பார்க்கட்டும். தோட்டங்களில் இப்போது ஜார்கண்ட், அஸ்ஸாம் குடும்பங்கள் வேலைக்கு வந்துவிட்டன. அவர்கள் குழந்தைகள் நம் பள்ளிகளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. எறணாகுளம் மாவட்டத்தில் ரோஷ்னி என்ற திட்டத்தில், குழந்தையின் தாய்மொழி தெரிந்தவர்களை வைத்து இரண்டு மொழியும் கலந்து பேசி மலையாளத்துக்குக் கூட்டிவந்தார்கள். எங்கள் லயத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், டூரிஸ்ட்டிடம் இந்தி என்று பேசியே வளர்ந்தவர்கள். உங்கள் வகுப்பில் இதே பிள்ளைகள் 'மலையாளம் சரியாக வராது, இங்கிலீஷும் வராது' என்ற கணக்கில் இருக்கிறார்கள். ரிசார்ட்காரர் மட்டும்தான் அந்த மூன்று மொழிக்கும் மதிப்புக் கண்டுபிடித்து ரிசப்ஷனில் நிறுத்தியிருக்கிறார். பல்கலைக்கழகம் கண்டுபிடிக்கவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததும் ஒரு வகுப்பால்தான். பி.காம். படிக்கும்போது எங்கள் அக்கவுண்டன்சி மிஸ் ஒருநாள், வீட்டிலிருந்து அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டை எடுத்து வரச் சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டுதான் கொண்டுபோனோம். ஒவ்வொரு வரியாகப் போர்டில் எழுதினார்: நாள் கூலி, கூடுதல் கிலோவுக்குக் காசு, பி.எஃப். பிடித்தம், முன்பணம், சொசைட்டி, கரண்ட். எது சட்டப்படி பிடிப்பது, எது நம் சம்மதத்தோடு பிடிப்பது, பி.எஃப்.பில் முதலாளி பங்கு எங்கே போகிறது என்று அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்தது. அன்று சாயங்காலம் அம்மாவின் சீட்டையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்த மனு எழுதிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "எனக்கும் பாரேன்" என்று வந்தார். லயத்தில் ஒரு வரிசை முழுக்கப் பார்த்தேன். இன்று வரை நான் செய்வது அந்த வேலைதான். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பிற்பாடு வந்தவை. மிஸ் அன்று எங்களிடம் லட்சியம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர், கல்லூரி என்ன வேலைவாய்ப்பு அலுவலகமா என்று கேட்பீர்கள். இல்லைதான். பி.எஸ்.சி. கோச்சிங் வகுப்பு நடத்துங்கள் என்றும் நான் கேட்கவில்லை; அதற்கு ஊரில் ஆள் இருக்கிறார்கள். இலக்கியமும் வரலாறும் படிக்கிற பிள்ளையை உடனே சம்பளத்துக்குத் தள்ள வேண்டும் என்பதும் என் பேச்சு இல்லை. வேறு சிலருக்கு, மலையில் உள்ளதைப் படியுங்கள் என்றால் மலையிலேயே இருந்துவிடுங்கள் என்று சொல்வது போல் படலாம். லயத்தில் பிறந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். போகிறவர் போகட்டும், கொச்சிக்கோ சென்னைக்கோ கனடாவுக்கோ. எந்த வேலைக்குப் போகிறோம், ஏன் போகிறோம் என்று சொல்லத் தெரிந்து போகட்டும். பெங்களூரில் நர்சிங் சீட் என்று ஏஜென்ட் சொன்ன நாளே கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்விக்கடன் தலையில் ஏறிய பிறகு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று அழுத பெண்ணின் கடன் விண்ணப்பத்தையும் நான்தான் ஏற்றினேன்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களில் பலர் கெஸ்ட் லெக்சரர்; அடுத்த வருடம் இங்கே இருப்பீர்களா என்று உங்களுக்கே தெரியாது. நிரந்தர ஆசிரியர்கள் சிலருக்கு இந்த மலை டிரான்ஸ்ஃபர் வரும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய குளிர். திங்கள் காலை கோதமங்கலம் பஸ்ஸில் ஏறி வந்து வெள்ளி மதியம் இறங்கிப் போகிறவர்களை எனக்கு முகம் தெரியும். 2018 ஆகஸ்ட் மண்சரிவில் மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடமே போனது. கட்டடமில்லாத இடத்தில் பாடம் எடுத்தவர்களை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று: தோட்டத்துக்கு வெளியே படித்த ஒரு வேலையில் இருந்துகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிற முதல் மனிதர், பல பிள்ளைகளுக்கு நீங்கள்தான். நீங்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், இதில் எது பிடிக்கிறது, எது வெறுப்பேற்றுகிறது, நெட் தேர்வு எத்தனை தடவை எழுதினீர்கள் என்று ஒரு பீரியட் பேசியிருக்கிறீர்களா? விருந்தினர் வந்து மேடையில் பேசும் 'கேரியர் கைடன்ஸ்' நிகழ்ச்சியை விட அது உதவும். அந்த நிகழ்ச்சிக்கு பேனர் அடிப்பதும் நான்தான். அதனால் இதைச் சொல்வதில் எனக்கு நஷ்டம்தான்.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். எங்கள் மையத்துக்கு ஒரு பருவத்துக்கு மூன்று பேரை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புங்கள். எந்தத் துறையானாலும் சரி. முதல் வாரம் கம்ப்யூட்டர் தொடக் கூடாது. எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் என்ன கேட்கிறார் என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். பிறகு மனு எழுதுவது, பெயர்த் திருத்தம், பி.எஃப். கணக்குப் பார்ப்பது. வந்து வேலை செய்த மணி நேரத்துக்கு மட்டும்தான் சான்றிதழ் தருவேன், 'மிகுந்த ஈடுபாட்டோடு' என்று எழுத மாட்டேன். மழைப் புத்தகங்களைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் இருந்தால், தோட்ட ஆபீசில் கேட்டு வாங்குவதற்கு துறைத் தலைவரின் கடிதம் ஒன்று வேண்டும். கடிதம் இல்லாமல் தர மாட்டார்கள். தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. இந்தி பேசுகிற ஒருவராவது கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஜார்கண்ட்காரர்கள் வரும்போது நான் சைகையில்தான் பேச வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை கூட்டம் அதிகம், அன்றைக்கு இருவரையாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அக்ஷயா மையம் நடத்தும் லயத்துப் பெண் ஒருத்தி,
மூணாறு